பின்பலகையின் எடை

"நீ ஏறலேன்னா படகு போகாதாம்மா?"

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் போக வந்தவளிடம் டீச்சர் இப்படித்தான் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. குரலில் கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்தது. அவள் பதில் சொல்லாமல், மேசை விளிம்பில் யாரோ காம்பஸ் முனையால் கீறிவைத்திருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். போகாது என்பதுதான் பதில். ஆனால் நாலு பேர் இருக்கிற அறையில் வாயைத் திறக்க வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த வருஷம்தான் அப்பாவின் வலது கை, படகைக் கரைக்கு இழுக்கிற படகுத்துறை விஞ்சில் மாட்டியது. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின. அவர்கள் மீன் பிடிக்கிற ஏரியில் வலை போட அனுமதி இல்லை, தூண்டில்தான். அதுவும் கரையில் உட்கார்ந்து போடுகிற தூண்டில் இல்லை. மீன் நடு ஏரியில், ஆழத்தில், குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும். ஆள் நடக்கிற வேகத்தில் படகை ஓட்டிக்கொண்டே, தகட்டில் செய்த பொய்மீன்களைப் பின்னால் இழுத்துப் போக வேண்டும். வேகம் கூடினால் பொய்மீன் மேலே வந்துவிடும், குறைந்தால் அடியில் போய்ப் பாறையில் மாட்டும். ஒரு ஆள் கைப்பிடியை விடாமல் ஓட்ட வேண்டும், இன்னொரு ஆள் தூண்டில்களைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அப்பாவிடம் கை இல்லை. அண்ணன் அப்போதே நகரத்துக்குப் போயிருந்தான். மிச்சம் இருந்தது அவள்தான்.

படகில் அவளுக்குப் பின்பலகை. பெட்ரோல் எஞ்சினின் கைப்பிடியை அக்குள் இடுக்கில் வைத்துக்கொண்டு, மஞ்சள் ரப்பர் கால்சட்டையை மார்பு வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரையில் அவளை எல்லாரும் வாய் செத்தவள் என்பார்கள். படகில் வாய்க்கு வேலையே இல்லை. அப்பா தோளை இடது பக்கம் சாய்த்தால் இடது பக்கம் திருப்ப வேண்டும். தலையைப் பின்னுக்கு இழுத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து வருஷத்தில், அவர் தோள் அசைவதற்கு முன்பே அவள் கை திரும்பத் தொடங்கியிருந்தது. சில நாள் காலையில் போய் மாலையில் திரும்புவதற்குள் இருவரும் சேர்ந்து பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அந்த நாட்கள்தான் அவளுக்கு நல்ல நாட்கள்.

அப்படி இருக்கும்போது அண்ணன் அனுப்பிய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின.

அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் வந்துடுச்சாம்மா? முன்னாடி மாட்டுற மோட்டார், மீன் காட்டுற திரை, குண்டு இறக்குற சக்கரம், எல்லாம் இருக்கும். இனிமே அப்பா தனியாவே போலாம். மோட்டாரே படகை நேரா கொண்டுபோவும். ரிமோட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்துக்க வேண்டியதுதான்."

"அப்போ இவ?"

"அவளை இங்க அனுப்பிடுங்க. உங்க மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். எனக்கோ மாத்தி மாத்தி ஷிஃப்ட்டு. குழந்தையைப் பாத்துக்க வீட்டு மனுஷி இருந்தா நல்லாருக்கும்ல? அங்க தண்ணியில கிடந்து கறுத்துப்போய் அவ என்னத்தைக் கண்டா?"

"அதைத்தான்டா நானும் எத்தனை வருஷமா சொல்றேன்," என்றாள் அம்மா. சந்தோஷத்தில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் படகுக்காரியாகவே காலத்தைக் கழித்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த பயத்துக்கு மருந்து அட்டைப்பெட்டியில் வந்திருந்தது.

அண்ணன் வீட்டுக்கு அவள் ஒரு தடவை போயிருக்கிறாள். ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் ஓயாமல் பேசுவாள், பேசினால் பதில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பாள்.

அப்பா, பெட்டியைப் பிரிக்கக் கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினார். வீட்டில் வயரைப் பிடிக்கத் தெரிந்த கை அவளுடையதுதான். மோட்டார் ஒழுங்காக ஓடினால் அவள் ஒன்பதாவது மாடிக்குப் போவாள், ஓடாவிட்டால் இங்கேயே இருப்பாள். அதை ஓட வைக்க வேண்டியவளும் அவள்தான்.

துறையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் வெல்டிங் கடை வைத்திருந்தவரை எல்லாரும் ரேடியோ என்பார்கள். பேச்சை நிறுத்தப் பொத்தான் கிடையாது என்பதால் அந்தப் பெயர். அவள் பேசவே மாட்டாள் என்பதால் அவர் அவளை வாயாடி என்று கூப்பிடுவார். படகைக் கொட்டகைக்குள் இழுத்து மரக்கட்டைகள் மேல் நிறுத்தினார்கள்.

"என்ன வாயாடி, உங்கண்ணன் அனுப்புனதையெல்லாம் மாட்டுனா இது மிதக்காது, பறக்கும் போலிருக்கே."

"ம்," என்றாள்.

"பாத்தியா, இன்னிக்கு ஒரே பேச்சா பேசுறா!"

வேலை நாலைந்து நாள் இழுத்தது. படகின் மூக்கு மெல்லிய ஃபைபர். மோட்டாரின் கனத்தை அது தாங்காது. உள்பக்கம் தடித்த பிளைவுட் பலகை கொடுத்து, போல்ட்டுகளை இரண்டையும் ஊடுருவி இறக்கி, ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலண்ட் பிதுங்கி வரும்வரை முறுக்கினாள். பாட்டரி இரண்டையும் முன்பக்கமே வைக்க வேண்டியிருந்தது. வந்த கேபிளின் நீளம் அவ்வளவுதான். பாட்டரியை ஒட்டி ஃபியூஸ். மோட்டார் கேபிள் வலது ஓரமாகப் போனது, திரைக்குப் போகிற மெல்லிய கேபிள் இடது ஓரமாக. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் திரையில் இல்லாத மீனெல்லாம் தெரியும். அடியாழத்துக்குச் சத்தம் அனுப்பி மீனைக் கண்டுபிடிக்கிற சென்சாரைப் பின்சுவரில் ஒரு பிளாஸ்டிக் பலகையில் பதித்து, படகின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்கும்படி இறக்கினாள். அது எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், காற்றைத் தொட்டால் குருடு.

கடைசியாக, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. படகின் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று மோட்டாருக்குச் சொல்வது அதுதான். கூட வந்த தாளில் காந்தத்தையும் இரும்பையும் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள். மோட்டாருக்கும் பாட்டரிக்கும் தூரமாக, தண்ணீர் தெறிக்காத இடமாகத் தேடி, பின்பலகைக்கு அடியில் அதைப் பொருத்தினாள். அவள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே.

தூண்டில் நரம்பை ஆழத்துக்கு இழுத்துப்போகிற ஈயக் குண்டை இறக்கும் சக்கரத்தை வலது பக்கம் வைக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தது. அவள் இடது பக்கம் வைத்தாள். கைப்பிடி அப்பாவின் நல்ல கைக்கு வாகாக வர வேண்டும் என்று அடியில் ஒரு கட்டையும் கொடுத்து உயர்த்தினாள். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றச் சொல்லி, கட்டையைக் கழற்றி இன்னும் கொஞ்சம் இழைத்தாள். சொதப்பி வைத்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் கைக்குச் சொதப்ப வரவில்லை.

வெள்ளோட்டத்துக்கு அவளும் ஏறினாள். திசைப்பெட்டிக்குப் பழக்கம் காட்டப் படகை மெதுவாக இரண்டு வட்டம் சுற்றவிட்டார்கள். பிறகு அப்பா ரிமோட்டை அழுத்தினார். படகு தானாக மூக்கைத் திருப்பிக்கொண்டு, தூரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நூல் பிடித்தாற்போல் போயிற்று. பக்கவாட்டில் காற்று தள்ளியது, மோட்டார் முனகிச் சரிசெய்துகொண்டது. அப்பா சக்கரத்தைச் சுற்றிக் குண்டை இறக்கினார். திரையில் குண்டு ஒரு சின்னக் கோடாக இறங்குவது தெரிந்தது. அவர் முகத்தில் ரொம்ப நாளாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்துபோனது.

அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள். பிறகு தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் அப்பா தனியாகப் போய்ப் பார்த்தார். துறையில் நின்ற அவளுக்கும் ரேடியோவுக்கும் அங்கிருந்தே அவர் கத்துவது கேட்டது. "திரை செத்துப்போச்சு! ஒண்ணுமே தெரியல!"

ரேடியோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "செத்துப்போகல. பின்னாடி பாரு, தூக்கிக்கிட்டு நிக்குது. முன்னாடி பாட்டரி, மோட்டார், எல்லாக் கனமும் அங்கதான். நீ இறங்குனதும் படகு மூக்கைத் தொங்கப் போட்டுக்கிச்சு. வாயாடி இல்லாம அதுக்கும் சோகம்."

சென்சார் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அப்பா திரும்பி வந்து பின்பலகையைப் பார்த்தார்.

"இவ கனம் அங்க இருக்கணும்," என்றார். "மண்ணு மூட்டை கட்டி வச்சிரலாம்."

கொட்டகையில் பழைய இரும்பு நிறுக்கிற மேடைத் தராசு ஒன்று இருந்தது. ரேடியோ அவளை அதில் ஏறச் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். முள் ஆடி நின்றது.

"இவ்ளோதானா! உங்க வீட்டுல சோறு போடுறாங்களா இல்லையா? பழைய இரும்பு விலைக்குப் போட்டாக்கூட ஒரு வேளைக் காபிக்குத் தேறமாட்டே."

அப்பா சிரிக்கவில்லை. முள் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "இதே அளவுக்குக் கட்டிடு," என்று சொல்லிவிட்டு மீன் வாங்கும் ஹோட்டல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். ரேடியோவும் வாசலில் எவனையோ பிடித்துக்கொண்டு பேசப் போனார்.

அவள் மண்ணை அள்ளிச் சாக்கில் கொட்டினாள். கோட்டை எட்டுவதற்கு இரண்டு சாக்கு ஆயிற்று. ஆனால் அவை பின்பலகைக்கு அடியில் நுழைய மறுத்தன. அமுக்கிப் பார்த்தாள், உதைத்துப் பார்த்தாள். தன் எடை இவ்வளவு இடத்தை அடைக்குமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கடைசியில் சுவரோரம் குவிந்துகிடந்த பழைய நங்கூரச் சங்கிலியைச் சாக்கின் அடியில் சுருட்டிப் போட்டு, மேலே மண்ணைக் கொட்டி மூடினாள். அதே கனம், பாதிப் பருமன். ஒரே சாக்கு, உள்ளே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. முள் கோட்டில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

அப்பா மாலையில் மறுபடி தனியாகப் போனார். திரை இந்தத் தடவை வேலை செய்தது. தூண்டில் மூன்றையும் இறக்கி, ரிமோட்டை அழுத்தினார். படகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கிளம்பி, கொஞ்ச தூரத்தில் வலது பக்கம் இழுத்தது. பிறகு ஏதோ மறந்துவிட்டாற்போல் இடது பக்கம் வந்தது. குடித்தவன் வீடு திரும்புகிற மாதிரி பாம்பாக வளைந்து வளைந்து போயிற்று. தூண்டில் நரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குண்டின் கம்பியிலும் சுற்றிக்கொண்டன. அப்பா எழுந்து நின்று ஒரு கையால் எதையோ இழுப்பதும் பல்லால் கடித்து அறுப்பதும் துறையிலிருந்து தெரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குச் சங்கிலி ஞாபகம் வந்தது. சிவப்புக் கோடு கிழித்த அந்தப் படம் கண்முன் வந்து நின்றது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கால் நகரவில்லை. அது பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, சந்தோஷம் என்று தெரிந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அப்பா சிக்கு விழுந்த நரம்பை ஒரு பந்தாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு கரையேறினார். நல்ல கையின் உள்ளங்கையில் நரம்பு அறுத்த கோடு ரத்தமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். அம்மா ஃபோனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள்.

"வளைஞ்சு வளைஞ்சு போகுதா? அப்படின்னா அந்தத் திசைப்பெட்டிக்குப் பக்கத்துல இரும்பு ஏதோ கிடக்கு. நல்லாப் பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? இவதான் மாட்டுனா," என்று அப்பா அவள் பக்கம் திரும்பினார். "சொல்லு. பக்கத்துல இரும்பு ஏதாவது இருக்கா?"

மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஃபோனுக்குள் இருந்தவனையும் சேர்த்துத்தான்.

"இல்ல," என்றாள்.

அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. நாக்கு எங்கேயும் ஒட்டிக்கொள்ளவில்லை.

"அப்போ மெஷினே கோளாறுதான்," என்றான் அண்ணன். "கழட்டி அனுப்புங்க, மாத்தித் தர்றாங்களான்னு பாக்குறேன். மாசக்கணக்கா ஆவும். சரி விடுங்க, குழந்தைக்கு வேற யாரையாவது பாத்துக்குறேன்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அப்பா ஃபோனை அணைத்தார்.

"நாளைக்கு நீயே வா," என்றார்.

விடிந்ததும் இருவரும் துறைக்குப் போனார்கள். அவள் மஞ்சள் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஏறினால் மூட்டை வேண்டாமே என்று அப்பா குனிந்து, இடது கையால் சாக்கின் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தார். தானே எடுத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுவதற்குள் நேரம் கடந்துவிட்டது.

சாக்குக்குள் சங்கிலி சரிந்து கலகலத்தது.

அப்பா குனிந்தபடியே இருந்தார். பிறகு சாக்கைத் தூக்கித் துறைப் பலகையில் வைத்தார். அது அங்கே இன்னொரு தடவை கலகலத்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. "ஏறு" என்றும் சொல்லவில்லை. அவளாக ஏறிப் பின்பலகையில் உட்கார்ந்தாள்.

நடு ஏரி வரை அவள்தான் ஓட்டினாள். வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. வழக்கமாகத் தூண்டில் இறக்கும் இடம் வந்ததும் அப்பா எழுந்து வந்து, பெட்ரோல் எஞ்சினை அணைத்து, கைப்பிடியில் இருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"விடு," என்றார்.

முன்னால் போய் மோட்டாரை இறக்கி ரிமோட்டை அழுத்தினார். படகு மூக்கைத் திருப்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தது. நேராகப் போயிற்று. அவர் தூண்டில்களை இறக்கினார், குண்டை இறக்கினார். படகு போய்க்கொண்டே இருந்தது. ஏரியின் அந்தக் கோடி வரை, ஒரு முழம் விலகாமல், நேராக. அவள் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தூண்டில் வளைந்தது. அப்பா கம்பைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் சுற்றி, மீனைத் தானே வலைக்கரண்டியில் ஏந்தினார். அவள் உதவிக்கு எழுந்தாள். அவர் தலையை அசைத்தார். அவள் உட்கார்ந்தாள். மீன் பெட்டிக்குள் துள்ளி ஓய்ந்தது.

வெகுநேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பொய் சொல்ற அளவுக்கு இந்த ஏரி உனக்கு என்னத்தைக் குடுத்துச்சு?"

அவளிடம் பதில் இருந்தது. இந்தப் பலகை, உங்க தோள், பேசாம இருக்குற நாளு. நேற்று அத்தனை சுளுவாகப் பொய் சொன்ன நாக்கு இப்போது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அப்பா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு குண்டை மேலே ஏற்றத் தொடங்கினார்.

வீட்டில் அவர் அம்மாவிடம் எதையும் போட்டுக்கொடுக்கவில்லை. "மோட்டார் சரியாயிடுச்சு. உன் பையனை அவளுக்குப் பஸ் டிக்கெட் எடுக்கச் சொல்லு," என்றார், அவ்வளவுதான். அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். நாலு நல்ல துணிகளை மடித்து வைத்தாள். மஞ்சள் ரப்பர் கால்சட்டையை மட்டும் கொடியில் காணோம்.

மறுநாள் அவள் எழுந்தபோது அப்பாவின் செருப்பு வாசலில் இல்லை. அவள் துறைக்கு ஓடினாள்.

சங்கிலி கொட்டகைச் சுவரோரம் பழைய இடத்திலேயே சுருட்டிக் கிடந்தது. துறைப் பலகையெங்கும் ஈர மண் சிந்தியிருந்தது. படகின் பின்பலகை மேல், மஞ்சளாக, அவளுடைய கால்சட்டை உட்கார்ந்திருந்தது. இரண்டு கால்களிலும் மண்ணை நிரப்பி, முனைகளைத் தூண்டில் நரம்பால் இறுகக் கட்டி, இடுப்பையும் சுருக்கிக் கட்டியிருந்தார். மழை பட்டாலும் நனையாது. பலகைக்கு அடியில் நுழைக்க வேண்டிய தேவையும் இல்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றும் கோணலாக இருந்தன. ஒரு கையாலும் பல்லாலும் போட்ட முடிச்சுகள். ஒரு கால் பலகையிலிருந்து கீழே மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் எப்போதும் தொங்கப்போடுகிற மாதிரியே.

அப்பா படகின் நடுவில் நின்று ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். படகைக் கட்டியிருந்த கயிறு அவள் காலடியில்தான் இருந்தது. அவர் கையை நீட்டினார், கட்டை விரலும் சுண்டு விரலும் உள்ள கையை.

அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றின் நுனியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். படகு தண்ணீரில் சமமாக நின்றது. முன்னும் தாழவில்லை, பின்னும் உயரவில்லை. கயிற்றை அவர் விரல்களுக்கு இடையில் வைத்தாள்.

அவர் கயிற்றை இழுத்துச் சுருட்டினார். மோட்டார் முனகிற்று, மூக்கு திரும்பிற்று. மஞ்சள் கால்சட்டை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி இருக்கிற திசையில், நேராகப் போயிற்று.